முங்கும் படகுக்கு ஒரு நம்பர்

எனக்குக் கல்யாணமாகி ஏழாவது வருஷம், என் வீட்டுக்காரர் தண்ணீருக்கடியில் போகிற இரும்புப் படகு ஒன்றைச் செய்ய ஆரம்பித்தார். செய்து முடிக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அதைப் பதிவு செய்ய மூன்று வருஷம். இப்போது யோசித்தால் அலைந்ததுதான் ஞாபகத்தில் நிற்கிறது.

அவர் புதுக்கோட்டையில் ஒரு ரைஸ் மில்லில் பாய்லர் ஓட்டிக்கொண்டிருந்தார். வீடு வல்லத்திராக்கோட்டைக்குப் பக்கத்து ஊரில். எங்கள் கண்மாயில் மடை அடைத்துக்கொண்டால் முங்கிப் போய்ச் சகதியையும் கட்டையையும் இழுத்துப் போடுவது அவருடைய அண்ணன் வேலை. வருஷக்கணக்காக முங்கி முங்கி, ஒரு ஐப்பசியில் மேலே வந்தபோது இரண்டு காதிலும் ரத்தம் வடிந்தது. அதற்குப் பிறகு அவருக்கு இடி இடித்தாலும் கேட்காது.

"மனுசன் நனையாம உள்ள உக்காந்து அந்த வேலையைச் செய்யணும்" என்றார் என் வீட்டுக்காரர். அப்படித்தான் ஆரம்பித்தது.

மில்லில் கழித்துப் போட்ட பாய்லர் உருளையைக் கேட்டு வாங்கி மாட்டுவண்டியில் கொண்டுவந்தார். பார்க்க ஒரு சன்னல் கண்ணாடி, படகைத் தள்ளக் கையால் சுற்றுகிற விசிறி, தண்ணீர் புகாமல் மூடியைச் சுற்றி லாரி டியூப். அடித் தொட்டியில் தண்ணீர் விட்டால் படகு முங்கும், கைப்பம்பால் அதை வெளியே தள்ளினால் மிதக்கும். மடையில் அடைத்திருப்பதை இழுக்க வெளியே நீட்டிய ஒரு கொக்கி. முதல் முறை கண்மாயில் இறக்கியபோது, பத்திரத்துக்கு ஒரு வடத்தைக் கட்டி இரண்டு பேர் கரையில் பிடித்துக்கொண்டார்கள். மில்லில் கூட வேலை பார்த்த ஒருவர் உள்ளே அவரோடு உட்கார்ந்து பம்பு அடித்தார். போனது, வந்தது.

மறுநாளே கான்ஸ்டபிள் வந்துவிட்டார். வெள்ளைக்காரனுக்கும் ஜெர்மனிக்கும் சண்டை ஆரம்பித்திருந்த சமயம்.

"தண்ணிக்குள்ள போற மிசினாமே. லைசென்சு இருக்கா?"

வேறொருவராக இருந்தால் பேசிச் சமாளித்திருப்பார். என் வீட்டுக்காரர் அப்படியில்லை. வருஷா வருஷம் இன்ஸ்பெக்டர் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் பாய்லரில் தீ மூட்டாதவர். "அவர் கேக்குறது ஞாயந்தான். ஒரு மனு எழுது" என்றார் என்னிடம். ஆவூர்ப் பக்கத்தில் மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள் நான். வீட்டில் எழுதத் தெரிந்தவளும் நான்தான்.

டவுன் ஆபீசில் மனுவைப் படித்த குமாஸ்தா சிரிக்கவில்லை. "நம்ம சமஸ்தானத்துல கடலே கெடையாதேம்மா. படகு பதியிற ரிஜிஸ்டரே இங்க இல்லை. கடக்கரை ஆபீசுக்குப் போங்க" என்றார். கடற்கரை சமஸ்தானத்துக்கு வெளியே, வெள்ளைக்காரன் ஆளுகிற ஜில்லாவில் இருந்தது. இரண்டு பஸ் மாறிப் போனோம். அங்கே, "கடல்ல ஓடாத படகை நாங்க எப்படிப் பதியிறது? ஒங்க சமஸ்தானத்துல ஒரு கடுதாசி வாங்கிட்டு வாங்க" என்றார்கள். கடுதாசி கேட்டு எழுதினேன். மோட்டார் வண்டி பதிகிற இடத்துக்கு அனுப்பினார்கள். அவர்கள் எத்தனை சக்கரம் என்று கேட்டார்கள். பாய்லர் இன்ஸ்பெக்டர், நெருப்பு இல்லாததால் தன் கணக்கில் வராது என்றார். பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு இடுப்புவலி வந்தது. இவர் ஒவ்வொரு முறையும் மில்லில் லீவு சொல்லிவிட்டு, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு கிளம்புவார்.

மூன்றாவது வருஷம், கண்மாய்களைக் கவனிக்கிற ஆபீசிலிருந்து ஓர் அதிகாரி பார்வையிட வந்தார். நல்ல மனிதர், வெயிலில் குடைகூடப் பிடிக்கவில்லை. படகைச் சுற்றி வந்துவிட்டு வடத்தைக் காட்டினார்.

"இதை அவுத்துருங்க. கயிறு கட்டி இறக்குனா அது வாளி மாதிரி ஆயிடும். தானாப் போய்த் தானா வந்தாத்தான் படகுன்னு எழுத முடியும்."

பம்பு அடிக்கிறவர் அதிகாரி வருகிறார் என்றதும் வரவில்லை. இவர் என்னைப் பார்த்தார். கூட்டமே என்னைப் பார்த்தது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே இறங்கினேன். தைரியம் ஒன்றும் இல்லை. இன்னொரு தேதிக்கு மனு எழுத என்னால் முடியாது, அவ்வளவுதான்.

உள்ளே துரு வாடை. கண்ணாடிக்கு வெளியே பச்சை, பிறகு பழுப்பு, பிறகு ஒன்றுமில்லை. இரண்டு ஆள் ஆழத்தில் அடி தட்டியது. "பம்ப அடி" என்றார். அடித்தேன். கைப்பிடி லேசாகப் போய் வந்தது, தண்ணீர் வெளியேறவில்லை. பம்புக்குள் இருந்த தோல் வாசர் கிழிந்திருந்தது. படகு சகதியில் உட்கார்ந்துவிட்டது.

"அரை மணிக்குக் காத்து இருக்கு, பயப்படாத" என்றார். நான் மரியே வாழ்க செபத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் ஸ்பானரால் இரும்பில் தட்டிக்கொண்டே இருந்தார்.

கரையில் நடந்ததைப் பிறகு சொன்னார்கள். வேட்டியை அவிழ்த்துப் போட்டுவிட்டு முதலில் குதித்தது அவருடைய அண்ணன்தான். இனி முங்கினால் உயிருக்கு மோசம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வடத்தோடு வந்து சகதிக்குள் துழாவியிருக்கிறார். தட்டுகிற சத்தம் அவருக்குக் கேட்காது. உள்ளங்கையை உருளையில் வைத்து அதிர்வைப் பார்த்திருக்கிறார், உயிரோடு இருக்கிறார்களா என்று. கண்ணாடியில் ஒரு கை அப்பியதை நான் பார்த்தேன். மூன்றாவது முங்கலில் வடத்தைக் கட்டிவிட்டார். நாற்பது பேர் இழுத்தார்கள்.

நான் வெளியே வந்து கரையிலேயே படுத்துவிட்டேன். அண்ணன் மூக்கில் ரத்தத்தோடு, ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்தினார்: "ஏன்டா, எங் காது போனது பத்தாதா ஒனக்கு? ஆத்தா, நீயுமா இவங்கூட சேந்துக்கிட்டு எறங்குன?"

அதிகாரி எதையும் எழுதிக்கொள்ளாமல் போனார். இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்; சந்தோஷமாகக்கூட இருந்தது.

மூன்று மாதம் கழித்துத் தபாலில் உத்தரவு வந்தது. இவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், நான் படித்தேன். இரும்புப் படகு, ஒன்று. இன்ன நம்பர். சொந்தக்காரர் இன்னார். நிபந்தனை: மேற்படி படகைத் தண்ணீரில் முங்கச் செய்யக் கூடாது.

"இன்னொருக்கா படி."

படித்தேன்.

"நம்பர் குடுத்துட்டாங்கள்ல?" என்றார். எழுந்து கை கழுவினார். அந்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளை பெயிண்டில் நம்பரை எழுதினார். நாலாவது எழுத்து கோணிவிட்டது, அழித்து மறுபடி எழுதினார்.

அடுத்த மழையில் மடை அடைத்துக்கொண்டது. அண்ணனைக் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. ஊருக்குத் தலைவரான அம்பலக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். புது வாசர் போட்டு, வடம் கட்டி, மில் ஆளைக் கூட்டிக்கொண்டு இவர் உள்ளே போனார். கான்ஸ்டபிளும் கரையில்தான் நின்றார், பயிர் பக்கம் பார்த்துக்கொண்டு. கொக்கியில் ஒரு பனங்கட்டை மாட்டி வந்தது. வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. நான் வீட்டுக்குப் போய் அடுப்பு பற்றவைத்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அந்த நிபந்தனையை எடுக்கச் சொல்லி ஒரு மனு போட்டா என்ன?"

"எனக்குக் கை ஓஞ்சு போச்சுங்க" என்றேன். கோபமாகச் சொல்லவில்லை.

"சரி, விடு" என்றார். பிறகு அவர் என்னை மனு எழுதச் சொன்னதே இல்லை.