தங்கை தலைவராக வந்த அலுவலகம்

என் தங்கை எங்கள் அலுவலகத்துக்கு மனிதவளப் பிரிவின் தலைவராக வந்தபோது நான் அங்கே வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். அரசாங்க அலுவலகம். சிங்கப்பூரில், டோபி காட் பக்கம். அதிகாரிகளை வேலை நடக்கும் இடத்தில் கொண்டுபோய் விடுவேன், திரும்பக் கூட்டி வருவேன். ஓய்வு வயது தாண்டிவிட்டது. வருடா வருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக் கொடுத்தார்கள்.

மனைவி போய்ச் சேர்ந்து சில வருடம். பிள்ளைகள் இல்லை. புக்கிட் மேரா வீட்டில் நானும் வானொலியும்தான். ஆள் பேச்சு காதில் விழ வேண்டும் என்றால் அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் இருந்த ஓட்டுநர் அறைக்குப் போக வேண்டும். அந்த வேலை போனால் என்ன செய்வேன் என்று நான் யோசித்ததில்லை. யோசிக்கப் பிடிக்கவில்லை.

தங்கை என்னைவிடப் பல வயது சின்னவள். எனக்குப் படிப்பு ஏறவில்லை. அவளுக்கு ஏறியது. அதில் பெரிய கதை ஒன்றும் இல்லை. பல்கலைக்கழகம் முடித்து அரசாங்கத்தில் சேர்ந்தாள். முதலில் ஆள் எடுக்கும் வேலை. பிறகு பயிற்சி, பிறகு சம்பளம். பிறகு யாரை மேலே ஏற்றலாம், யாரை ஏற்றக்கூடாது என்று கூடி உட்கார்ந்து பேசுகிற வேலை. அவளையும் மேலே ஏற்றுவதற்குக் குறித்து வைத்திருந்தார்கள். அப்படிப்பட்டவர்களை ஓரிடத்தில் விட்டுவைக்க மாட்டார்களாம். இங்கே கொஞ்ச காலம், அங்கே கொஞ்ச காலம். அடுத்தது எங்கே என்று அவர்களுக்கே கடைசியில்தான் தெரியுமாம்.

ஒவ்வொரு மாற்றலுக்கும் எனக்குப் போன் செய்வாள். அன்றைக்கும் செய்தாள்.

“அண்ணா, மறுபடியும் மாத்திட்டாங்க.”

“எங்க?”

“உன் ஆபீஸ்.”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அங்கே ஓட்டுநராக இருக்கிறவர் என் அண்ணன் என்று மேலிடத்தில் முன்னாலேயே சொல்லிவிட்டாள். சொல்லித்தான் ஆக வேண்டும், விதி. என் சம்பளமோ ஒப்பந்தமோ பேச்சுக்கு வந்தால் அவள் எழுந்து அறையை விட்டு வெளியே போய்விடுவாள். துணைத் தலைவர் முடிவு செய்வார். மேலிடத்துக்கும் அந்தத் துணைத் தலைவருக்கும் தவிர யாருக்கும் விஷயம் தெரியாது. மறைக்கச் சொன்னது அவள் இல்லை. நான்தான்.

“தெரிஞ்சா உன்னயும் ஒரு மாதிரி பாப்பாங்க, என்னயும் ஒரு மாதிரி பாப்பாங்க. விடு. நான் மேடம்னே கூப்பிடுறேன்.”

“எனக்கு என்னமோ போல இருக்கும்ணா.”

“பழகிடும் லா.”

பழகிவிட்டது. காலையில் அதிகாரிகளோடு வந்து வேனில் ஏறுவாள். “குட் மார்னிங், மேடம்” என்பேன். “மார்னிங், அங்கிள்” என்பாள். எல்லாரும் என்னை அங்கிள் என்றுதான் கூப்பிடுவார்கள். மற்றவர்கள் இறங்கி, கதவு சாத்தி, நாங்கள் இருவர் மட்டும் இருந்தால் தமிழ் வரும்.

“காலர் கிழிஞ்சிருக்கு. இந்தச் சட்டயத் தூக்கிப் போடுன்னு அன்னிக்கே சொன்னேன்ல?”

“மேடம், பெல்ட்டு போடுங்க.”

“பேச்ச மாத்தாத. என்ன சாப்பிட்ட?”

“ரொட்டி.”

“ரொட்டியும் என்ன?”

“ரொட்டியும் தண்ணியும். பெல்ட்டு போடுங்க, மேடம். போலீஸ் பிடிச்சா என் லைசென்ஸ்தான் போகும்.”

அவள் வேலை எப்படிப்பட்டது என்று நான் கண்ணாடியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். வேனில் எல்லாரும் அவளோடு சிரித்துப் பேசுவார்கள். பக்கத்து இருக்கையில் மட்டும் யாரும் உட்கார மாட்டார்கள். அவள் வந்தால் பாதிப் பேச்சு அப்படியே நின்றுவிடும். மதியச் சாப்பாட்டைத் தன் அறையிலேயே சாப்பிடுவாள். கேட்டதற்கு, “நான் போய் உக்காந்தா அவங்க நிம்மதியா சாப்பிட முடியாதுண்ணா” என்றாள். வருத்தமாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பது போலச் சொன்னாள்.

ஓட்டுநர் அறையில் இன்னொரு தமிழர் இருந்தார். நாற்பது வயது இருக்கும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள். வாய் சும்மா இருக்காது.

“அண்ணே, அந்தம்மா இன்னிக்கு லிஃப்ட்ல என்னயப் பாத்து சிரிச்சாங்க லா.”

“நல்லதுதானே.”

“நல்லதா? எச்ஆர் சிரிச்சா எவனுக்கோ சீட்டு கிழியப்போகுதுன்னு அர்த்தம். எதுக்கும் நீங்க இன்னிக்குப் பின்வாசல் வழியா வீட்டுக்குப் போங்க.”

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் அவளைப் போல நடந்து காட்டுவார், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்த்துக் காட்டுவார். நன்றாகவே செய்வார். அவள் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் பார்ப்பாள்.

பிறகு அது வந்தது. ஓட்டுநர் பிரிவை மூடுகிறார்கள். வேன் வேலையை வெளிக் கம்பெனிக்குக் கொடுக்கிறார்கள். முடிவு அவளுடையது இல்லை, மேலே எடுத்தது. ஆட்களிடம் சொல்ல வேண்டியது அவள். மற்ற இடமாக இருந்தால் மின்னஞ்சலில் முடித்துவிடுவார்கள். அவள் கீழே இறங்கி வந்தாள். ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு, எதிரே உட்கார வைத்து, தன் வாயால் சொன்னாள். எங்கே போனாலும் அவள் வழக்கம் அதுதான். அதனாலேயே அவளைப் பெரிய ஆள் என்பார்கள். அதனாலேயே அவளைக் கண்டால் பயப்படவும் செய்தார்கள்.

எனக்கு மட்டும் அவள் சொல்லவில்லை. துணைத் தலைவர் சொன்னார். சீனப் பெண், சின்ன வயது, நல்ல மாதிரி.

“உங்களுக்கு மட்டும் ஏன் வேற ஆளு?” என்று கேட்டார் அந்தத் தமிழர். அவர் முகத்தில் அன்றைக்கு விளையாட்டு இல்லை.

“நான் கெழவன். பெரிய மேடத்துக்கு எனக்கெல்லாம் ஏது நேரம்?”

ஒரே ஒரு இடம் மிச்சம் இருந்தது. அஞ்சல் அறையில். வருகிற கடிதங்களைப் பிரித்து மாடி மாடியாகக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. ஓட்டுநர்களில் யாராவது ஒருவருக்கு அதைக் கொடுக்கலாம் என்று சொன்னார்கள். அந்தத் துணைத் தலைவர் என் பெயரைப் போட்டார். கட்டடத்தில் எல்லாரையும் எனக்குத் தெரியும், எல்லாருக்கும் என்னைத் தெரியும், அதனால். அந்தப் பேச்சு நடந்தபோது தங்கை விதிப்படி வெளியே போய்விட்டாளாம். துணைத் தலைவர் என்னைக் கூப்பிட்டு, இன்னும் கையெழுத்து ஆகவில்லை, ஆனால் அநேகமாக உங்களுக்குத்தான் அங்கிள் என்றார்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கை புக்கிட் பாத்தோக் வீட்டிலிருந்து டெக்கா சந்தைக்கு மீன் வாங்க வருவாள். நானும் போவேன். மீன் வாங்கிவிட்டு உணவு நிலையத்தில் நுரை வர ஆற்றிய டீ, தே தாரேக், குடிப்போம். அலுவலகத்தில் பேச முடியாததை அங்கே பேசுவோம். அந்த ஞாயிறும் போனேன். வழக்கமாக மீன்காரரோடு சண்டை போடுவாள். அன்றைக்கு அவர் சொன்ன விலைக்கு வாங்கினாள்.

தே வந்தது. குடிக்கவில்லை. டிஷ்யூவைக் கிழித்துக்கொண்டே இருந்தாள்.

“அண்ணா, மெயில் ரூம் விஷயம்.”

“ம்.”

“நான் அந்தப் பேச்சுல இல்ல. வெளிய போயிட்டேன். இதப் பத்தி உன்கிட்ட பேசவும் கூடாது.”

“அப்ப பேசாத.”

“எல்லா டிரைவரையும் நான் உக்கார வச்சு வேல இல்லன்னு சொல்லியிருக்கேன். ஒருத்தர் அழுதாரு. உள்ள இருக்கப்போறது ஒரே ஒரு ஆளு. அது என் அண்ணன். நாளைக்கு வெளிய தெரிஞ்சா, நான் அவங்க மூஞ்சியப் பாத்து சொன்னதெல்லாம் என்ன ஆகும்?”

நான் தேயை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

“இனிமே எந்த ஆபீஸ்ல போய் யார் முன்னாடி உக்காந்தாலும், இவ தன் அண்ணன வச்சுக்கிட்டு மத்தவங்கள அனுப்புனவன்னுதான் பாப்பாங்க.”

அறையை விட்டு வெளியே போனவள் டெக்காவுக்கு வந்துவிட்டாள். எனக்கு அது அப்போதே புரிந்தது.

“நீயே வேணாம்னு சொல்லிடுறியாண்ணா?”

“சரி” என்றேன்.

உடனே சொன்னேன். பக்கத்து மேசையில் தட்டு எடுக்கிறவர் சத்தமாகத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தாள் போல. நான் தேயைக் குடித்து முடித்தேன். மீன் பையை எம்ஆர்டி ரயில் நிலையம் வரை தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

திங்கட்கிழமை துணைத் தலைவரிடம் போனேன். வேண்டாம் என்றேன்.

“ஷுவரா, அங்கிள்? ஏன்?”

“முதுகு வலி.”

“எதயும் தூக்க வேண்டியதில்ல அங்கிள். எல்லாம் டிராலிதான்.”

“போதும் மிஸ். வேற ஆளுக்குக் கொடுங்க. பிள்ளக்குட்டிக்காரனுக்கு.”

இதை ஆங்கிலத்தில்தான் பேசினோம். என் ஆங்கிலம் அவ்வளவுதான். அவர் பேனாவை மூடி வைத்தார். யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியாது.

வேலை அந்தத் தமிழருக்குப் போனது. ஓட்டுநர் அறைக்கு ஓடி வந்து என்னைக் கட்டிப் பிடித்துத் தூக்கினார்.

“அண்ணே, கெடச்சிருச்சு லா! அந்தம்மா சிரிச்சது இதுக்குத்தான் போல. நான்தான் தப்பா நெனச்சுட்டேன்.”

“இறக்கி விடுய்யா. முதுகு வலி.”

அவருக்குக் கிடைத்ததில் எனக்கு வருத்தம் இல்லை. இதை நான் சும்மா சொல்லவில்லை.

கடைசி நாள் ஒரு சின்ன விருந்து. மீ கோரெங், கறி பஃப், ஆரஞ்சுச் சாறு. நீண்ட காலம் வேலை செய்தவர்களுக்கு ஒரு கேடயம் கொடுப்பார்கள். மனிதவளத் தலைவர்தான் கொடுக்க வேண்டும். என் பெயரை வாசித்தார்கள். நான் முன்னால் போனேன். தங்கை இடது கையில் கேடயத்தைப் பிடித்துக்கொண்டு வலது கையை நீட்டினாள்.

நாங்கள் கை குலுக்கியதே இல்லை. பிறந்ததிலிருந்து இல்லை. அண்ணனும் தங்கையும் எதற்குக் கை குலுக்கப் போகிறார்கள்? சின்னவளாக இருந்தபோது ரோடு கடக்கக் கையைப் பிடித்திருக்கிறேன். அது வேறு. அவள் கை குளிர்ந்து கிடந்தது. “தேங்க் யூ ஃபார் யுவர் சர்வீஸ், அங்கிள்” என்றாள். படம் எடுக்கிறவர் இன்னொரு தடவை என்றார். இன்னொரு தடவை குலுக்கினோம்.

வீட்டில் இருக்கப் பழகவில்லை. காலையில் குளித்துவிட்டு சட்டை மாட்டிக்கொள்வேன். பிறகு கழற்றி ஆணியில் மாட்டுவேன். ஒரு கொண்டோ அடுக்குமாடியில் காவல் வேலை கேட்டேன். வயதைப் பார்த்து, கூப்பிடுகிறோம் என்றார்கள். பேருந்தில் ஏறி கடைசி நிறுத்தம் வரை போய்விட்டுத் திரும்பி வருவேன். ஓட்டுகிறவர் பின்னால் உட்கார்ந்து அவர் எப்படித் திருப்புகிறார் என்று பார்ப்பேன். ஓட்டுநர் அறையில் இருந்தவர்கள் முதலில் போன் செய்தார்கள். பிறகு அவரவர் பாடு.

ஞாயிறுகளில் தங்கையோடு டெக்காவுக்குப் போவது மட்டும் நிற்கவில்லை. மீன் வாங்கினோம், தே குடித்தோம். அலுவலகப் பேச்சை அவள் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அது இல்லாமல் எங்களுக்குப் பேச அதிகம் இல்லை.

சில மாதம் போனது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சொல்லாமல் என் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்றாள்.

“மாத்திட்டாங்கண்ணா.”

“எங்க?”

இடத்தைச் சொன்னாள். பெரிய இடம். பல ஆயிரம் பேர் வேலை செய்கிற இடம். அதற்கு மனிதவளத் தலைவர். அவள் இத்தனை வருடம் உழைத்தது அதற்குத்தான்.

“நல்லது. உள்ள வா.”

உள்ளே வந்து உட்கார்ந்தாள். எனக்குத் தோன்றியது அவளுக்கும் தோன்றியிருக்கும். அவள் அங்கே இல்லை என்றால், அஞ்சல் அறையில் இருப்பது யார் அண்ணனாக இருந்தால் என்ன? அதை நான் சொல்லவில்லை. தண்ணீர் கொண்டு வந்து வைத்தேன்.

“அன்னிக்கு டெக்காவுல” என்றாள். நிறுத்தினாள். “நீ முடியாதுன்னு சொல்லுவேன்னு நெனச்சேன்.”

“சொல்லியிருந்தா?”

“விட்டிருப்பேன். சத்தியமா விட்டிருப்பேன்ணா. போடி, இது என் வேல, உன் கௌரவத்துக்காக விட முடியாதுன்னு நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும். நான் கேட்டதே தப்பு. நீ திட்டுவேன்னுதான் கேட்டேன் போல.”

அந்த வார்த்தை அன்றைக்கு என் வாயில் வரவில்லை. எதிரே உட்கார்ந்திருந்தது தங்கையா மேடமா என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை. இரண்டு பேருக்கும் எனக்குச் சரி என்றுதான் சொல்லத் தெரியும்.

“கோவமா?”

“இல்ல.”

“ஏன் இல்ல?”

நான் தண்ணீரை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன். அவள் அழுதாள். சத்தம் இல்லாமல், கண்ணாடியைக் கழற்றாமல். எத்தனையோ பேர் எதிரே உட்கார்ந்து அழுததைப் பார்த்திருப்பாள். அவள் அழுது நான் பார்த்தது அம்மா இறந்தபோதுதான். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவளும் நகரவில்லை, நானும் தொடவில்லை.

கிளம்பும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“நாளைக்கு டெக்கா வருவல்ல?”

“இல்ல” என்றேன். “நான் வரல.”

அவள் கேட்ட ஒன்றுக்கு நான் மாட்டேன் என்றது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகுதான் எனக்கே காதில் விழுந்தது. அவள் ஏன் என்று கேட்பாள் என்று பார்த்தேன். கேட்கவில்லை. தலையை ஆட்டினாள். லிஃப்ட் வந்தது. உள்ளே போய் என் பக்கம் திரும்பி நின்றாள். கதவு மூடும்வரை நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.