காரணம் ஏற்கப்படவில்லை

எங்கள் பேருந்து நிலையத்து டைம் கீப்பரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முகத்துக்கு நேரே 'சார்', முதுகுக்குப் பின்னால் 'சிவப்பு மை'. வண்டி மூன்று நிமிஷம் பிந்தினால் போதும், அவர் உட்காரும் கூண்டின் ஜன்னலிலிருந்து ஒரு கை நீண்டு டிரிப் ஷீட்டை வாங்கிக்கொள்ளும். நேரத்தைச் சிவப்பு மையில் எழுதுவார். 'தாமதத்துக்குக் காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. அதை டிரைவர்கள் நாங்கள் நிரப்ப வேண்டும். பஞ்சர், ரயில்வே கேட், மழை என்று வாயில் வந்ததை எழுதுவோம். அதன் கீழே 'காரணம் ஏற்கப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார். பத்தொன்பது வருஷமாக இதேதான். மனுஷன் சிரித்து நான் பார்த்ததில்லை.

கல்யாணம் ஆகாதவர். கூட இருந்த ஒரே உறவு அவருடைய அக்கா. அந்த அம்மாள் எட்டு மாசத்துக்கு முன்னால் தவறிப்போனாள். காரியம் முடிந்த மறுநாளே கூண்டில் வந்து உட்கார்ந்துவிட்டார். "கல்லு பெத்த பிள்ளை"ன்னு நாங்கள் பேசிக்கொண்டோம். நானும்தான் பேசினேன், எதற்கு மறைக்க வேண்டும்?

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். போன மாசம் என் மகளுக்கு விடிகாலையில் ஓயாத வாந்தி. டாக்டரிடம் காட்டிவிட்டு ஓடி வந்தேன், பதினோரு நிமிஷம் லேட். அதற்கும் 'ஏற்கப்படவில்லை'. அந்த மாசத்தில் மூன்றாவது. மூன்றானால் ஒரு நாள் விடுப்பு போய்விடும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவது என்று அவர் வீட்டுக்கே போய்விட்டேன்.

கதவைத் திறந்தவர் கையில் வாட்ச். காலடியில் ஒரு நாய். நீண்ட கால், ஆழமான நெஞ்சுக்கூடு, ஒட்டிய வயிறு.

"உள்ள வாங்க டிரைவரே. அதுக்குச் சோறு வைக்கிற நேரம்."

ஈ காக்கா இல்லாத வீடு. கூடத்தில் இருந்த ஒரே நாற்காலியில் இஸ்திரி போட்ட சீருடைகள். அவர் சமையலறைப் பரணிலிருந்து முழங்கால் உயர ஸ்டூல் ஒன்றை இறக்கித் தூசி தட்டி, அடுப்புக்கு எதிரே சுவரோரம் போட்டார். உட்கார்ந்தேன். பக்கத்தில் ஆணியில் ஒரு நோட்டு தொங்கியது. தேதி, காலை, மாலை, அதற்கு நேரே எண்கள். முப்பத்தெட்டு. நாற்பத்தொன்று. 'கல்லுடன்' ஐம்பத்திரண்டு.

"வீட்டுக்கும் வண்டி வருதா சார்?" என்று குத்தலாகக் கேட்டேன்.

"அது சாப்பிடற நேரம். வினாடியில."

பிறகு அவராகவே சொன்னார். ஒருவரிடமும் சொல்லாமல் வைத்திருந்த பேச்சு, நிற்காமல் வந்தது. நாய் அக்கா வளர்த்தது. அவள் போனபின் அது சோற்றை மெல்லுவதே இல்லை, அப்படியே விழுங்குகிறது. சில வாரம் முன்னால் ஒருநாள் டியூட்டி முடிந்து வந்தபோது வயிறு கல் மாதிரி வீங்கிக் கிடந்திருக்கிறது. தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். கால்நடை டாக்டர் காற்றை எடுத்துப் பிழைக்க வைத்துவிட்டு, "இந்த உடம்புவாகு நாய் இப்படி முழுங்கினா வயிறு முறுக்கிக்கும். இன்னொரு தடவை வந்தா என்னால காப்பாத்த முடியாது"ன்னு சொல்லியிருக்கிறார்.

கிண்ணத்தில் கல்லைப் போட்டுப் பார்த்திருக்கிறார். இரண்டே நாளில் அது மூக்கால் கல்லைத் தள்ளக் கற்றுக்கொண்டது. அகலத் தட்டில் பரப்பிப் பார்த்தார், தட்டோடு கூடத்தைச் சுற்றியது. உருண்டை உருட்டி ஊட்டினார், விரலில் பல் பட்டதுதான் மிச்சம்.

"நாய்க்கு வேலையும் இல்ல, நிக்க நேரமும் இல்லம்பாங்க. இதுக்கு என்ன அவசரம்னே புரியல டிரைவரே. இதுவும் போயிடுச்சுன்னா..." வாக்கியத்தை முடிக்காமல் சோற்றில் முட்டையைப் பிசைந்தார். நான் கேட்க வந்த நாலு வார்த்தையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

கிண்ணத்தை என் காலருகே வைத்துவிட்டு வாட்சைப் பார்த்தபடி நின்றார். நாய் ஸ்டூலைப் பார்த்தது. ஏறிட்டு என்னைப் பார்த்தது. மெதுவாக வந்து என் முழங்காலோடு ஒட்டி நின்று, குனிந்து ஒரு வாய் எடுத்து மென்றது. நிமிர்ந்து நான் இருக்கிறேனா என்று பார்த்தது. மறுபடி ஒரு வாய். எனக்கே கூச்சமாகிவிட்டது. ஊரான் வீட்டு நாய், என்னிடம் என்ன கண்டது?

நாலு நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று. அவர் வாட்சைக் காதில் வைத்து ஓடுகிறதா என்று பார்த்தார்.

"அக்கா அந்த ஸ்டூல்லதான் உக்காருவா," என்றார். "தட்டை மடியில வெச்சுக்கிட்டு. அவ போனப்புறம், கால் இடிக்குதுன்னு நான்தான் பரண்ல போட்டேன்."

"அப்ப எவ்வளவு நேரம் எடுத்துக்கும் சார்?"

"தெரியாது. ரெண்டு பேரும் சாப்பிடறப்ப நான் இருந்ததில்ல."

நாற்பது வண்டிகளின் வரவையும் போக்கையும் நிமிஷம் பிசகாமல் சொல்லக்கூடிய மனுஷன். அந்த வீட்டில் அவருக்குத் தெரியாத நேரம் அது ஒன்றுதான்.

"நீங்க சோறு எப்படி வைப்பீங்க?"

"பையை மாட்டிக்கிட்டு, செருப்பைப் போட்டுக்கிட்டு, கடைசியா வைப்பேன். அப்பதான் நேரம் சரியா இருக்கும். சாயங்காலமும் அப்படித்தான், வெச்சிட்டு ஷீட்டெல்லாம் டிப்போல குடுக்கக் கிளம்பிடுவேன்."

"முடிச்சதும் இது என்ன பண்ணும்?"

"வாசலுக்கு ஓடி வரும். நான் பூட்டிட்டுப் போயிடுவேன்."

எனக்கு விளங்கிவிட்டது. "சார், அதுக்குப் பசி அவசரம் இல்ல. நீங்க போறதுக்குள்ள முடிச்சிட்டு உங்ககூட வரணும்னு முழுங்குது. நீங்க உக்காந்து பாருங்க. வாட்ச் வேணாம்."

அவர் அந்த ஸ்டூலையே பார்த்துக்கொண்டிருந்தார். "நொறுங்கத் தின்னா நூறு வயசுன்னு தினமும் சொல்லுவா. நான் நின்னுக்கிட்டேதான் தின்னேன்," என்றார்.

கிளம்பும்போது, நல்ல சமயம் என்று நினைத்து என் விஷயத்தை எடுத்தேன்.

"அது எழுதினது எழுதினதுதான்," என்று கதவைச் சாத்திக்கொண்டார். உதவி செய்தவனுக்கு இதுதான் மரியாதை. தெருமுனை வரை திட்டிக்கொண்டே போனேன்.

மறுநாள் காலை ஐந்து ஐம்பது வண்டி என்னுடையது. அவர் ஐந்து நாற்பதுக்குக் கூண்டில் இருக்க வேண்டும். ஐம்பதும் ஆயிற்று, ஆளைக் காணோம். கையெழுத்து இல்லாமல் வண்டி நகரக்கூடாது. பயணிகள் வண்டித் தகரத்தைத் தட்ட ஆரம்பித்தார்கள். மற்ற டிரைவர்களுக்கு ஒரே கொண்டாட்டம். எனக்கு மட்டும் அந்த நாயின் நினைப்பு. அதற்கு ஏதாவது ஆகிவிட்டதோ?

ஐந்து ஐம்பத்தேழுக்கு வந்தார். மூச்சு வாங்கியது. மணிக்கட்டில் வாட்ச் இல்லை, அது இருந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது. சட்டையில் முழங்கைப் பக்கம் ஒரு சோற்றுப் பருக்கை.

"எப்படி இருக்கு சார்?" என்றேன்.

"மென்னுச்சு. பாதி சாப்பிட்டதும் என் காலடியில கொஞ்ச நேரம் படுத்துக்கிச்சு. எந்திரிக்க மனசு வரல."

என் ஷீட்டை வாங்கிச் சிவப்பு மையில் ஏழு நிமிஷம் என்று எழுதினார். காரணக் கட்டத்தை நிரப்ப நான் கையை நீட்டினேன். கொடுக்கவில்லை. அவரே எழுதினார்: 'நாய் சாப்பிட்டு முடிக்கவில்லை. டைம் கீப்பர் தாமதம்.' அதன் கீழே, வழக்கம்போல, 'காரணம் ஏற்கப்படவில்லை.'

"இதையாவது ஏத்துக்கலாமே சார். உங்க கையிலதானே இருக்கு?"

பேனாவை மூடினார். ஷீட்டை என்னிடம் தரும்போது முகத்தைப் பார்க்கவில்லை.

"அக்கா போன அன்னிக்குக் காலைல, 'ஒரு மாதிரியா இருக்குடா, கொஞ்சம் உக்காந்துட்டுப் போ'ன்னா. ரிஜிஸ்டரைப் பாத்தேன் டிரைவரே. அன்னிக்கு டியூட்டிக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடியே வந்திருக்கேன்."