ஏழாம் தொட்டி முப்பத்தெட்டு

மீன் பண்ணையில் அவளை எல்லோரும் மீட்டரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். தகரக் கூரைக்குக் கீழே பன்னிரண்டு தொட்டிகள். தண்ணீரில் கரைந்திருக்கும் கரியமில வாயுவை அளக்கும் சென்சார் ஒவ்வொன்றிலும் தொங்கும். முனையிலுள்ள மெல்லிய சவ்வில் வழுவழுப்பு படிந்தால் அளவு தப்பிவிடும். ஒன்பது வருஷமாக அந்தச் சவ்வுகளைப் பச்சைப்பிள்ளைக்கு வாய் துடைப்பதுபோலத் துடைத்து வந்தாள். கணவன் இறந்த பிறகு தம்பி வீட்டில் இருந்தாள். தம்பிக்கு இங்கே வேலை வாங்கிக் கொடுத்ததே அவள்தான். இப்போது அவன் சூப்பர்வைசர்.

ஒரு நாள் காலை ஏழாம் தொட்டி முப்பத்தெட்டு காட்டியது. இருபதைத் தாண்டினாலே ஆபத்து. சென்சாரைக் கழுவிப் பார்த்தாள். வேறொன்றை மாற்றிப் பார்த்தாள். அதே முப்பத்தெட்டு. வாயுவை வெளியேற்றும் காற்றாடி நின்றிருந்தது. மோட்டாரில் கருகிய வாடை.

தம்பியிடம் ஓடினாள்.

"காத்தாடி நின்னுபோச்சுடா. மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளக்குது."

"ஆக்சிஜன் சரியாத்தானே இருக்கு?"

"இருந்து என்ன? இந்த வாயு ஏறினா அதுங்களுக்கு மூச்சு முட்டும். வேற தொட்டிக்கு மாத்துடா."

"முதலாளி பத்து மணிக்கு விருந்தாளிங்களோட வர்றாரு. இப்பப் போய் தொட்டியக் கலக்கச் சொல்றியா? உன் மீட்டருக்குப் பைத்தியம்க்கா."

அளவு கூடினால் அலறும் அலாரத்தின் ஒயரைப் பிடுங்கிப் போட்டான்.

முதலாளி வந்தபோது தொட்டி முழுக்க வெள்ளை வயிறுகள் மிதந்தன.

"இவ சென்சாரக் கழுவவே இல்ல சார். அதான் தெரியாமப் போச்சு" என்றான் தம்பி, அவள் பக்கம் திரும்பாமல்.

"ஐயோ, நான் வந்து சொன்னேன் சார்! இவன்தான்..."

"கூடப் பொறந்தவன் உன்மேல ஏம்மா பொய் சொல்லப்போறான்?"



"நீயே அள்ளு. வேற யாரும் கை வைக்கக் கூடாது" என்றார் முதலாளி. விருந்தாளிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்று பார்த்தார்கள். நாலாயிரம் மீன். சாயங்காலம்வரை வலையால் அள்ளினாள். அப்புறம் வாட்ச்மேன் அவள் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு கேட்டைச் சாத்தினார்.

இரண்டு மாதம் கழித்து மெக்கானிக் கருகிய மோட்டாரையும் பிடுங்கிக் கிடந்த அலார ஒயரையும் காட்ட, முதலாளிக்கு உண்மை தெரிந்துவிட்டது. தம்பியே அதைச் சாப்பாட்டின்போது மனைவியிடம் சிரித்துக்கொண்டே சொன்னான்.

"தப்பு இவ மேலன்னு இன்சூரன்ஸ்காரங்க வரைக்கும் எல்லா இடத்துலயும் எழுதிக் குடுத்தாச்சாம். இனிமே மாத்துனா அசிங்கமாம். விட்டுட்டாரு."

மீட்டரக்கா சோற்றுப் பாத்திரத்தோடு அவன் பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

"என்னக்கா பாத்துட்டு நிக்கிற? வை."

வைத்தாள். போவதற்கு அவளுக்கு வேறு வீடு இல்லை.