குணா போட்ட சென்ட்

நீங்க நம்ப மாட்டீங்கன்னு தெரியும், வேற யாராவது சொல்லியிருந்தா நானே சிரிச்சிருப்பேன். நான் மலேசியாவுல, கிள்ளான்ல ஏர்கான் சர்வீஸ் பண்றவன். வீட்டுல மல்லிப்பூ வாசம் வருது, பொண வாடை வருது, பூசாரிய கூப்பிடவான்னு கேக்குறவங்க வீட்டுலல்லாம் ஏணி போட்டு ஏறி, ஏர்கான் உள்ள செத்துக் கெடக்குற பல்லியையோ சிக்கிக் கெடக்குற வாசனை வில்லையையோ எடுத்துக் காட்டியிருக்கேன். வாடைன்னு ஒன்னு வந்தா அது எங்கிருந்தாவது வரணும், அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது.

என் கூட்டாளி குணாவப் பத்தி முதல்ல சொல்லணும். நாங்க ரெண்டு பேரும் காப்பார்ல ஒன்னா வளர்ந்தவங்க. ஃபார்ம் ஃபைவ் படிக்கும்போது, கப்பல்ல வேலை செஞ்ச அவன் மாமா பச்சைப் போத்தல்ல ஒரு சென்ட் கொண்டு வந்து குடுத்தாரு. அப்படி ஒரு ஆம்பளை சென்ட்ட அதுக்கப்புறம் நான் மோந்ததில்ல. முதல்ல எலுமிச்சைத் தோலக் கிள்ளின மாதிரி சுருக்குனு ஏறும், கொஞ்ச நேரம் போனா மழையில நனைஞ்ச பலகை மாதிரி அடங்கி, சாயங்காலம் வரைக்கும் சட்டையிலயே இருக்கும். வேற ஒருத்தனா இருந்தா ஒளிச்சு வச்சிருப்பான். குணா, ஸ்கூல் விழா, கோயில் திருவிழான்னா எங்க எல்லாரையும் வரிசையா நிக்க வச்சு ஆளுக்கொரு அடி கழுத்துல அடிச்சு விடுவான். நல்ல சட்டைகூட இல்லாத பசங்க நாங்க, அந்த வாசத்தோட நடந்தா நெஞ்சு தன்னால நிமிரும் லா. ஆனா அவன்கிட்ட மட்டும் அது வேற மாதிரி, ஏன்னா அவன் ஓட்டுற பழைய மோட்டார் சைக்கிளோட எண்ணெய்ப் புகையும் சென்ட்டும் கலந்து வரும், அவன் முக்கு திரும்பும்போதே தெரிஞ்சிடும். ஸ்கூல் முடிச்சு ரொம்ப நாள் ஆகல, அந்த மோட்டார்லதான் லோரியில மோதி போய்ச் சேர்ந்தான்.

அவன் அம்மாவ நான் விடல, அப்பப்ப போய்ப் பார்த்துட்டு வருவேன். அவன் சட்டை ஒன்ன துவைக்காமலே பிளாஸ்டிக் பையில கட்டி வச்சிருந்தாங்க, மனசு சரியில்லன்னா எடுத்து மோந்து பார்ப்பாங்க. கோவிட் வந்து போனதும் அவங்களுக்கு மூக்கு சுத்தமா செத்துப் போச்சு, பால் தீஞ்சாக்கூடத் தெரியாது. "குழம்பு ருசி போனாப் போகட்டும்டா ரவி, அந்தச் சட்டை வெறும் துணியாயிடுச்சே"ன்னாங்க. எனக்கு அதைக் கேட்டுட்டு சும்மா இருக்க முடியல, அவங்களுக்குத் தெரியாட்டாலும் அந்த வாசம் அந்த வீட்டுல இருக்கட்டும்னு தோணுச்சு.

அந்த சென்ட் இப்ப செய்றதில்ல. பிரிக்பீல்ட்ஸ்ல கடை கடையாத் தேடிட்டு, கடைசியா மஸ்ஜித் இந்தியா தெருவுல அத்தர் விக்கிற பாய் ஒருத்தர்கிட்ட போய், வாசம் எப்படி இருக்கும்னு வாயாலயே சொன்னேன். மனுசன் பொறுமையாக் கேட்டு, ஒவ்வொரு குப்பியா திறந்து கலந்து காட்டினாரு. "கிட்ட வந்துட்டீங்க பாய், ஆனா அது இல்ல"ன்னேன். "அந்த வயசையும் சேர்த்துக் கேக்குறீங்க தம்பி, அதுக்கு நான் எங்க போவேன்"னாரு. சரின்னு அதையே வாங்கிக்கிட்டேன், நல்லா இறுக்கிச் சுத்திக் குடுத்தாரு.

ஞாயித்துக்கிழமை, பட்டப்பகல். அவங்க வீட்டு வாசல்ல காரை நிறுத்தினேன். சென்ட் சுத்தினது சுத்தினபடி டேஷ்போர்டு உள்ள கெடக்குது, நான் பிரிக்கவே இல்ல. கேட்ல கைய வைக்கிறேன், சமைச்சுக்கிட்டிருந்தவங்க கரண்டியோட வெளிய வந்தாங்க.

"ரவி, நீ என்ன போட்டிருக்க?"

"ஒன்னும் போடலையே மா."

என் சட்டையப் புடிச்சு மோந்தாங்க, இல்லன்னு தலையாட்டிட்டு, என்னைத் தாண்டி காரு பக்கம் பார்த்தாங்க. "மோட்டார் எண்ணெயும் சேர்ந்து வருதுடா"ன்னாங்க.

எனக்கு ஒரு வாடையும் வரல. என் வேலைப் புத்தி, பக்கத்து வீட்டுல புல்லு மெஷின் ஓடுதான்னு எட்டிப் பார்த்தேன், சாக்கடையப் பார்த்தேன், ரோட்டுல ஒரு மோட்டார்கூட இல்ல. அதுக்குள்ள அவங்க உள்ள போய் அந்தச் சட்டைய எடுத்து மூஞ்சில வச்சுக்கிட்டாங்க. நம்பினா நம்புங்க, அந்த மதியம் பூரா அவங்களுக்கு மூக்கு இருந்துச்சு, கறிவேப்பிலைய கசக்கிப் பார்த்தாங்க, சவுக்காரத்த எடுத்துப் பார்த்தாங்க, "நீ குளிச்சுட்டுதான் வந்தியா"ன்னு என்னைக் கேட்டு அவங்களே சிரிச்சாங்க. அவங்க சிரிச்சு நான் பார்த்து ரொம்ப வருசம் ஆச்சு.

தே தண்ணி குடிக்கிற நேரத்துக்கு அது போயிடுச்சு. அவங்க அழல. "வந்துட்டுத்தானே போனான்"னு சொல்லி சட்டைய மடிச்சு பையில வச்சாங்க. நான் பாயோட குப்பியக் குடுத்தேன், மோந்து பார்த்துட்டு, "ஒன்னும் தெரியல, இருந்தாலும் இங்கயே இருக்கட்டும்"னு சாமி மேடையில வச்சுக்கிட்டாங்க.

டாக்டர்கிட்ட கேட்டேன், அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம் மூக்கு வந்து வந்து போறது உண்டாம். நானும் அதையே கெட்டியாப் புடிச்சுக்கிட்டேன்.

போன வருசம் காரை பக்கத்து ஊரு மேருவுல இருக்குற ஒரு மலாய்க்காரருக்கு வித்தேன். கொஞ்ச நாள் கழிச்சு போன் பண்ணாரு, என்னை அபாங்னு, அண்ணன்னுதான் கூப்பிடுவாரு. காரு நல்லா ஓடுது அபாங், ஒன்னே ஒன்னு கேக்கணும், நீங்க என்ன சென்ட் போடுவீங்க, என் பொண்டாட்டிக்கு ரொம்பப் புடிச்சிருக்கு, எனக்கு வாங்கணும்னு சொல்றா, அப்படின்னாரு. எங்க அந்த வாசம் வருதுன்னு கேட்டேன். அவ உக்கார்ற பக்கத்து சீட்டுல, பெல்ட்ல மட்டும், காரைக் கழுவித் துடைச்ச பிறகும் போகலன்னாரு.

நான் எப்பவும் தனியாத்தான் ஓட்டுவேன். அந்த சீட்டுல என் சாமான் பெட்டிதான் இருக்கும், பெல்ட்ட யாரும் இழுத்து மாட்டி நான் பார்த்ததில்ல. அவருகிட்ட சென்ட் பேரைச் சொன்னேன், இப்ப செய்றதில்லன்னும் சொன்னேன்.

"நல்ல வாசம் அபாங்"னாரு.

ஆமான்னேன்.