செர்ரித் தெருவில் போட்ட நாற்காலிகள்

ட்ரூடி ஹோவனெக் சமையல் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், குன்றின் மேலிருந்த அரசுப் பல்கலைக்கழகத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார இடம் கிடைக்காது. பென்சில்வேனியாவின் நிலக்கரி ஊர் அது. சுரங்கம் போயிற்று, இரும்பாலை போயிற்று, அப்புறம் பிள்ளைகள் பிறப்பதே குறைந்து போயிற்று. விடுதிகளை ஒவ்வொன்றாகப் பூட்டினார்கள். ட்ரூடி வீட்டுக்கு எதிரே, செர்ரித் தெரு விடுதியில் புறாக்கள்தான் குடித்தனம் நடத்தின. புருஷனும் போய்ச் சேர்ந்த பிறகு, அந்தச் சமையலறையை நம்பித்தான் அவள் நாளை ஓட்டினாள்.

பிறகு மாநிலம் ஒரு வழி செய்தது. காற்றாடும் அரசுப் பல்கலைக்கழகங்களில் வந்து சேருகிற பிள்ளைகளுக்கு உதவித்தொகை. படித்து முடித்து மாநிலத்துக்குள்ளேயே வேலை பார்த்தால் திருப்பித் தர வேண்டாம். பக்கத்து வீட்டில் இருந்த அவள் அண்ணன் ஸ்டஷ், லாரி ஓட்டி ஓய்ந்தவன், இதைக் கேட்டுக் கொதித்தான்.

"எல்லாம் என் வரிப்பணம்! ஆள் வராத கடைக்குக் காசு குடுத்து ஆள் சேக்கிறானுங்க."

"ஆமா, நீ ஒருத்தன் கட்டித்தான் மாநிலமே நடக்குது."

"படிச்சிட்டு இங்கேயே வேலை பாக்கணுமாமே, இங்க எங்கடி வேலை இருக்கு?"

ட்ரூடி எழுந்து தன் வீட்டுக்கு நடந்தாள். செலவு பெரிய செலவுதான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் பூட்டிக் கிடக்கிற விடுதிக்கும் கூரை ஒழுகத்தானே செய்கிறது? அதற்கும் யாரோ காசு அழுதுகொண்டுதான் இருந்தார்கள்.

ஆகஸ்டில் சாப்பாட்டுக் கூடத்து மேலாளர் லோமாக்ஸ் அவளைக் கூப்பிட்டார். "செர்ரித் தெரு விடுதியத் திறக்கிறோம், ட்ரூடி. அது நிரம்பினா சமையலறை நிக்கும். இல்லன்னா கிறிஸ்துமஸுக்கு அப்புறம் பொட்டலச் சாப்பாடுதான். உன்னை வச்சுக்க வழியில்ல."

பிள்ளைகள் வந்து இறங்கும் நாளன்று, முட்டைக்கோசையும் நூடுல்ஸையும் வெண்ணெயில் புரட்டிப் பெரிய பாத்திரம் நிறைய வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நடுப்பகல் ஆயிற்று. மூலைக்கு ஒருவராக நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான். லோமாக்ஸ் வாசலையே பார்த்தார். ட்ரூடி ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் சரிவிறங்கித் தெருவுக்கு ஓடினாள்.

தெரு நிறைய கார்கள்! கூரையில் மெத்தையும் விளக்குமாகக் கட்டிக்கொண்டு ஊர்ந்து ஊர்ந்து சுற்றிக்கொண்டிருந்தன. ஒரு தாய் ஜன்னல் வழியே தலையை நீட்டினாள்.

"எத்தனை சுத்து சுத்துறதுங்க? நிறுத்த ஒரு இடம் இல்ல. வீட்டுக்கே போயிடலாம்னு பொண்ணு அழறா."

இடம் இல்லாமல் இல்லை. இரண்டு பக்கமும் நாற்காலி நாற்காலியாக நின்றது. அந்தப் பக்கத்து வழக்கம் அது: வீட்டு வாசலில் தெருவோரமாக நாற்காலி போட்டால், வண்டி நிறுத்த அந்த இடம் அந்த வீட்டாருக்கு. பாதிரியார்கூட நகர்த்த மாட்டார். விடுதி பூட்டிக் கிடந்த காலத்தில் அதன் வாசலையும் ஊர் எடுத்துக்கொண்டிருந்தது. வந்தவர்களும் இந்தப் பக்கத்து மனிதர்கள். அடுத்தவர் நாற்காலியைத் தொடுவார்களா? மரியாதையாகச் சுற்றிக்கொண்டே இருந்தார்கள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைகிற கதைதான்.

அந்த வரிசையில் ட்ரூடியின் சமையலறை நாற்காலியும் இருந்தது. அவள் காரை விற்றே வெகுகாலம் ஆகிறது. ஆனாலும் காலையில் பழக்க தோஷத்தில் அவள் கையே கொண்டுபோய்ப் போட்டிருந்தது.

"அட மண்டு!" என்று தன்னையே திட்டி அதைத் தூக்கினாள். "ஸ்டஷ்! வெளிய வா! உன் நாற்காலியை எடு!"

"என் லாரியை எங்கடி நிறுத்தறது?"

"என் தலையில நிறுத்து! உன் வரிப்பணத்தைக் குடுத்து அரசாங்கம் அந்தப் பிள்ளைங்களைக் கூப்பிட்டிருக்கு. நீ நாற்காலி போட்டு விரட்டுற. அவங்க திரும்பிப் போனா யார் காசு வீண்?"

ஸ்டஷ் தன் நாற்காலியைத் தூக்கித் தோட்டத்தில் எறிந்துவிட்டு, வீடு வீடாகக் கதவைத் தட்டினான்.

"எடுங்கய்யா எல்லாரும்! என் காசு சுத்திச் சுத்திப் பெட்ரோலாப் போகுது!"

சற்று நேரத்தில் தெரு திறந்தது. அழுத பெண்ணின் குட்டி ஃப்ரிட்ஜை முதுகில் ஏற்றிக்கொண்டு அவனே மாடி ஏறினான், வழியெல்லாம் அரசாங்கத்தைத் திட்டியபடி.

சாப்பாட்டுக் கூடத்தில் அன்று சத்தம் சத்தம்தான். ட்ரூடிக்குப் பரிமாறிப் பரிமாறிக் கை வலித்தது. கடைசியில் லோமாக்ஸ் தட்டை நீட்டியபோது பாத்திரத்தின் அடி தெரிந்தது.

"எனக்கு இல்லையா?"

"முன்னாடியே வந்திருக்கணும்."

அவர் சிரித்தார். "கிறிஸ்துமஸ் கழிச்சும் வந்துடு, ட்ரூடி."

அவள் சமையலறைக்குள் போய், மாவு மூட்டை மேல் உட்கார்ந்து, காலையிலிருந்து குடிக்காத காபியை ஆற அமரக் குடித்தாள்.