கழற்றும் கூடத்தில் நில்லக்கா

நடக்காமல் போன ஒரு சாவுக்கு யார் சாட்சி சொல்வது? இந்தக் கதையை முதல்முறை கேட்டபோது எனக்கு எழுந்த கேள்வி இது. அப்போது பதில் தெரியவில்லை.

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் அவள் நில்லக்காதான். "நில்லுங்க, நில்லுங்க" என்று ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்பவளுக்கு வேறு என்ன பெயர் வரும்?

அந்தப் பெயர் வருவதற்கு முன் பதினான்கு வருஷம் அதே ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் வேலை பார்த்தவள். துவைத்து வந்த விரிப்பை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, விட்டுப்போன கறை எந்த மூலையில் இருக்கிறது என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுவாள். கழுகுக் கண் என்பார்கள்.

பிறகு அந்தக் காய்ச்சல் வந்தது. இரத்தக்கசிவுக் காய்ச்சல் என்று அறிக்கையில் எழுதினார்கள். முதலில் ஒரு லாரி டிரைவர் ஈறில் இரத்தம் வடியப் படுத்தார். அடுத்து அவருக்கு ஊசி போட்ட நர்ஸ். அதற்கடுத்து அந்த நர்ஸின் புருஷன். மூவருமே பிழைக்கவில்லை. நோயாளியின் இரத்தமோ வாந்தியோ வேர்வையோ ஒரு துளி கண்ணிலோ வாயிலோ பட்டால் போதும். பின்கட்டு வார்டை இந்த நோயாளிகளுக்கென்று ஒதுக்கி, அதைச் சுற்றி வலை கட்டினார்கள். உள்ளே போகிறவர்கள் தலை முதல் கால் வரை கவச உடை போட்டுக்கொண்டார்கள்.

பயிற்சி கொடுக்க வந்தவர் சொன்னார்: "உடையைப் போடும்போது யாருக்கும் நோய் ஒட்டாது. கழற்றும்போதுதான் ஒட்டும். அதனால கழற்றுறவங்களுக்கு எதிர்ல ஒருத்தர் நிக்கணும். தொடக்கூடாது. பாக்கணும், சொல்லணும். யாரா இருந்தாலும் அந்த ஆள் பேச்சைத்தான் கேக்கணும்."

நர்ஸ்களே பற்றாத நேரம். சலவைக் கூடத்தின் கழுகுக் கண்ணை அழைத்து அந்த இடத்தில் நிறுத்தினார்கள்.

தரையில் சிவப்புக் கோடு. கோட்டுக்கு அந்தப்பக்கம் அவர்கள், இந்தப்பக்கம் நில்லக்கா. முதலில் மேலங்கி, கையைக் குளோரின் தண்ணீரில் கழுவு. பிறகு உடையும் வெளிக் கையுறையும், கழுவு. பிறகு கண்ணாடி, கழுவு. பிறகு முகமூடி, கழுவு. கடைசியில் உள்கையுறை. ஒரு படி தாண்டினால், "நில்லுங்க."

"என் மாமியார்கூட இவ்வளவு அதிகாரம் பண்ணதில்லடி" என்பார் மூத்த நர்ஸ்.

"அவங்களுக்கு மருமக போனா இன்னொருத்தி வருவா. எனக்கு நர்ஸ் போனா யாரு வருவா? கழுவுங்க."

ஒரு நாள் மதியம். தகரக் கூரை கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் உள்ளே இருக்கக்கூடாது என்பது விதி. பெரிய டாக்டர் ஒன்றரை மணி நேரம் இருந்துவிட்டு வந்தார். கண்ணாடிக்குள் வேர்வை குளம் கட்டியிருந்தது. மேலங்கியைக் கழற்றினார். கையைக் கழுவுவதற்கு முன், ஒரு விரல் கண்ணாடியின் ஓரத்துக்குள் போய் வந்தது. இமைக்கும் நேரம்தான்.

"நில்லுங்க சார். விரல் உள்ள போச்சு. வலது கண்ணு."

"போகல. வெளியதான் தொட்டேன்."

"போச்சு சார்."

"உனக்கு என்னம்மா தெரியும்? நேத்து வரைக்கும் துணி துவைச்சவ."

"இன்னைக்கும் அதே வேலைதான் சார். எங்க பட்டிருக்குன்னு பாக்கிறது. துணியில தெரியும், இதுல தெரியாது. அவ்வளவுதான்."

மிச்சப் படிகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கழற்ற வைத்தாள். கண்ணைச் சுத்தத் தண்ணீரில் கழுவச் சொன்னாள். பிறகு நோட்டில் எழுதினாள்: நேரம், ஆள், வலது கண்.

நோட்டில் பெயர் ஏறியவர், காய்ச்சல் வருகிறதா என்று பார்க்க, இருபத்தொரு நாள் தனி அறையில் இருக்க வேண்டும். இரண்டு டாக்டர் இருந்த வார்டில் ஒருவர் மிஞ்சினார். அந்த இருபத்தொரு நாளில் வார்டில் ஆறு பேர் செத்தார்கள்.

பேச்சு கிளம்பியது. "நல்ல டாக்டரை உக்கார வெச்சிட்டா. படிக்காதவ கையில சாவியைக் கொடுத்தா இப்படித்தான்." காதில் விழும்படியே சொன்னார்கள். நில்லக்காவுக்கும் உறுத்தியது. கண்ணை மூடி அந்த மதியத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் விரல் உள்ளேதான் போனது.

டாக்டருக்குக் காய்ச்சல் வரவில்லை. இருபத்திரண்டாம் நாள் வெளியே வந்தார். அன்றே ஆஸ்பத்திரி அதிகாரி அவளைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். 'வெளிச்சக் குறைவால் தவறாகக் கவனித்துவிட்டேன்' என்று தட்டச்சு செய்திருந்தது.

"பட்டப்பகல் சார் அது."

"சும்மா ஒரு கையெழுத்தும்மா. பெரிய டாக்டரே விதியை மீறினார்னு மேலிடத்துக்குப் போகக்கூடாது."

"சும்மான்னா எதுக்கு சார் வேணும்?"

"அவருக்குத்தான் ஒண்ணும் ஆகலையே."

"ரொம்ப சந்தோஷம். மழை பெய்யலேன்னா, குடை எடுத்துட்டுப் போனவ மன்னிப்புக் கடிதம் எழுதணுமா?"

அதிகாரிக்கு முகம் சிவந்தது. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் வேலை இல்லை. அதுவரை சலவைக் கூடத்துக்குத் திரும்பிப் போ என்றார்.

வீட்டுக்காரர் டயர்க் கடையில் வேலை செய்பவர். சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து சொன்னார்: "போட்டுத் தொலையேன். கையெழுத்துதானே, கிட்னியா கேக்கிறாங்க?"

"நான் சரியா பாக்கலேன்னு எழுதினா, இதுக்கு முன்னாடி எழுதின பதினோரு பேரும் பொய்யாயிடும். அதுல ரெண்டு பேருக்குக் காய்ச்சல் வந்துச்சு. முன்னாடியே தள்ளி வெச்சதால அவங்க வீட்டுப் பிள்ளைங்களுக்கு வரல. இனிமே நான் நில்லுன்னா யாரு நிப்பாங்க?"

அவர் அவளுடைய தட்டைக் கிட்டே நகர்த்தி வைத்தார். "அப்ப போடாத. சாப்பிடு, ஆறுது" என்றார்.

கோட்டின் இந்தப்பக்கம் இப்போது அலுவலகக் குமாஸ்தா ஒருவர் நின்றார். தங்கமான மனுஷர். யாரையும் கடிந்து பேசி அறியாதவர். "முடிஞ்சுதுங்களா மேடம்? போலாம்" என்பார். மூத்த நர்ஸுக்குச் சந்தேகம். சோதித்துப் பார்க்கப் புது உடை ஒன்றைப் போட்டு, ஒரு கழுவலை வேண்டுமென்றே விட்டார். குமாஸ்தா புன்னகையோடு தலையாட்டினார்.

வெள்ளிக்கிழமை. காலை முறை முடிந்து மூத்த நர்ஸ் வார்டிலிருந்து வந்தார். கோட்டுக்கு முன் நின்றார். கழற்றவில்லை.

"மேடம், ஆரம்பிக்கலாங்களா?"

"நில்லக்காவைக் கூப்பிடுங்க."

"அவங்க இப்ப..."

"நான் கழற்ற மாட்டேன்."

அவருக்குப் பின்னால் இன்னொரு நர்ஸ் வந்து நின்றார். அதற்குப் பின்னால் துப்புரவு வேலைக்காரர் இருவர். நால்வரும் வேலையை முடித்து, மாற்று ஆள் உள்ளே போன பிறகுதான் வந்திருந்தார்கள். குறை சொல்ல வழியில்லை. கால் மணி நேரம் போயிற்று. கண்ணாடிகள் புகைபோல மங்கின. அதிகாரி ஓடி வந்தார்.

"மயங்கி விழுந்துடுவீங்கம்மா."

"விழுந்தா நீங்கதான் சார் தூக்கணும். வாங்க, தொடுங்க."

அதிகாரி இரண்டடி பின்னால் போனார்.

செய்தி கேட்டு நில்லக்கா சலவைக் கூடத்திலிருந்து ஈரக் கையோடு ஓடி வந்தாள். அவளைக் கண்டதும் அதிகாரி என்னவோ சொல்ல வாயெடுத்தார். "முதல்ல இவங்க" என்று அவரை அடக்கிவிட்டுக் கோட்டுக்கு வந்தாள். "மேலங்கி. மெதுவா. தலை சுத்துதா? சுவரைத் தொடாதீங்க. கழுவுங்க." நால்வரையும் ஒருவர் பின் ஒருவராகப் பத்திரமாக வெளியே கொண்டு வந்தாள். பிறகுதான் அதிகாரியைத் திரும்பிப் பார்த்தாள்.

"அந்தத் தாளைக் கொண்டு வரச் சொல்லுங்க சார்."

குமாஸ்தா ஓடிப்போய் எடுத்து வந்து பேனாவையும் சேர்த்து நீட்டினார். அவள் பேனாவைத் தொடவில்லை. கழற்றிய உடைகள் கிடந்த குப்பைப் பையைக் காட்டினாள்.

"அதுல போடுங்க. இதோட சேர்ந்து எரியட்டும்."

அதிகாரி நால்வர் முகத்தையும் பார்த்தார். பிறகு குமாஸ்தாவைப் பார்த்துத் தலையசைத்தார். தாள் பைக்குள் விழுந்தது.

மூன்று நாள் கழித்துப் பெரிய டாக்டர் வார்டிலிருந்து வந்து கோட்டுக்கு முன் நின்றார். விரல் உள்ளே போனதா இல்லையா என்று அந்த மதியத்துக்குப் பிறகு அவர் கடைசிவரை வாய் திறக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

"கழுவுங்க சார்."

கழுவினார்.

"நில்லுங்க. கட்டைவிரல் நனையல."

திரும்பிப் போய்க் குழாயைத் திறந்தார்.

இதைப் படித்தவர்கள் இன்னும் ஒருவருக்காவது சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் கையுறை மாட்டும் ஆள் யாராவது தெரிந்திருந்தால் அவருக்கு முதலில் சொல்லுங்கள்.