எதிர்ச்சந்து எலிகள்

அடுத்தவன் வீட்டு நகையைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவர்கள் உண்டு, நிலத்தைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவர்கள் உண்டு. நான் இன்னொருவருடைய செத்த எலிகளைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். அதுவும் ஒரு நாள் இரண்டு நாள் அல்ல. மைசூரில் பிளேக் தலைவிரித்தாடிய ஒரு குளிர்காலம் முழுக்க எனக்கு வயிறு எரிந்தது. இப்போது பென்ஷன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், இன்னும் லேசாகப் புகைகிறது.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பிளேக் முதலில் எலிக்கு வரும், பிறகுதான் மனிதனுக்கு. வீட்டுக்குள் எலி தானாகச் செத்து விழுந்தால், அதன் உடம்பில் இருந்த தெள்ளுப்பூச்சிகள் வேறு உடம்பு தேடிக் கிளம்பும். ஆகவே எலி விழுந்த அன்றே முனிசிபாலிட்டிக்குச் சொல்லிவிட வேண்டும் என்பது சட்டம். சொன்னால் நாங்கள் வருவோம். வீட்டைக் காலி செய்யச் சொல்வோம், ஓட்டைப் பிரித்து வெயிலை உள்ளே விடுவோம், மருந்து அடிப்போம், குடும்பத்தை ஊருக்கு வெளியே கொட்டகைக்கு அனுப்புவோம். இத்தனையும் நடக்கும் என்று தெரிந்தால் எவன் வாயைத் திறப்பான்? எலியை வாலைப் பிடித்துத் தூக்கிப் பக்கத்து வீட்டுக் கொல்லையில் எறிந்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்துவிடுவார்கள்.

நாங்கள் என்று சொன்னது சானிடரி இன்ஸ்பெக்டர்களை. மண்டி மொஹல்லா என்ற பேட்டையை இரண்டு வட்டமாகப் பிரித்திருந்தார்கள். நடுவில் தானிய மண்டிகளுக்கு வண்டி போகிற ஒரு சந்து. சந்துக்கு இந்தப் பக்கம் எனக்கு, அந்தப் பக்கம் நான் பொறாமைப்பட்ட அந்த இன்னொருவருக்கு. நான் கொள்ளேகாலத்திலிருந்து பிழைக்க வந்தவன். அவர் மைசூரிலேயே பிறந்து வளர்ந்த கிறிஸ்தவத் தமிழர், கன்னடம் தண்ணீர் பட்ட பாடு, உருதுவும் வரும். இருவரும் ஒரே வகுப்பில் பயிற்சி பெற்றவர்கள். பரீட்சையில் சட்டத்தாளில் நான் முதல் ஆள். அவர் எங்கேயோ நடுவில் கிடந்தார்.

அந்தப் பருவம் முடிந்ததும் எங்கள் இருவரில் ஒருவரைத் தலைமை இன்ஸ்பெக்டர் ஆக்கப்போவதாக ஹெல்த் ஆபீசர் சொல்லியிருந்தார். அந்த நாற்காலி எனக்குத்தான் என்று நான் முடிவு செய்து, மனைவியிடம் சொல்லி, மாமனாருக்கும் எழுதிப் போட்டுவிட்டேன். நாலு பேரிடம் சொன்ன பிறகு ஒன்று கிடைக்காமல் போனால் அது வேறு விதமாக வலிக்கும்.

சட்டம் எனக்கு மனப்பாடம். சூரியன் உதிப்பதற்கு முன் ஒரு வீட்டுக்குள் நுழையக்கூடாது, அஸ்தமித்த பிறகும் கூடாது. வீட்டில் இருப்பவருக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அந்நிய ஆண் கண்ணில் படாத கோஷா பெண்கள் இருந்தால் அவர்கள் விலகிப் போக அவகாசம் தர வேண்டும். அக்கம்பக்கத்தவர் இருவரைச் சாட்சியாக நிறுத்த வேண்டும். ஆள் கையில் வாங்காமல் ஓடி ஒளிந்தால் நோட்டீஸைக் கதவில் ஒட்டிவிடலாம், ஒட்டினால் கொடுத்த மாதிரிதான். இதில் ஒன்று தவறினாலும் மாஜிஸ்ட்ரேட் கேஸைத் தூக்கிப் போட்டுவிடுவார். இதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

என் வட்டத்தில் ஒரு ராகி வியாபாரி இருந்தார். அவருடைய குடோனில் மூட்டைகள் வெறும் தரையில் கிடக்கும், சுவரெல்லாம் எலி வளை. மூட்டைகளைப் பலகை மேல் ஏற்று, வளைகளை அடை என்று நோட்டீஸ் கொண்டு போனேன். மனிதர் என்னைக் கண்டாலே பின்வாசல் வழியாகப் போய்விடுவார். சரி என்று பியூனை விட்டுக் கதவில் ஒட்டச் சொன்னேன். கெடு முடிந்தது, ஒரு மூட்டை கூட நகரவில்லை. கேஸ் போட்டேன். அதுதான் என் முதல் கேஸ், சலவை செய்த கோட்டுப் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போனேன்.

நோட்டீஸே வரவில்லை என்றார் வியாபாரி. கதவில் ஒட்டினேன் என்றான் பியூன். கதவில் ஒரு ஓரத்துத் துணுக்குதான் இருந்தது என்றார்கள் சாட்சிகள். மாஜிஸ்ட்ரேட் வியாபாரியின் பக்கம் திரும்பினார்.

“ஒட்டியிருப்பாங்க சாமி, நான் இல்லேன்னு சொல்லல,” என்றார் வியாபாரி. “என் குடோன்ல எலி ஜாஸ்தின்னு இன்ஸ்பெக்டரய்யாவே எழுதியிருக்காரு. அதுங்க தின்னிருக்கும்.”

கோர்ட்டே சிரித்தது. சிரிப்பில் தப்பு இல்லை. கோதுமை மாவைக் காய்ச்சிப் பசை செய்து, எலி மண்டிக் கிடக்கிற இடத்தில் எலிக்கு எதிரான நோட்டீஸை ஒட்டியிருந்தோம். ராத்திரி எலிகள் வந்து பசையோடு சேர்த்துச் சட்டத்தையும் சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தன. கேஸ் தள்ளுபடி ஆனது.

வெளியே வந்தபோது வராந்தாவில் எதிர்வட்டத்து இன்ஸ்பெக்டர் நின்றுகொண்டிருந்தார். அவர் வட்டத்தில் ஒட்டுகிற நோட்டீஸ் ஒன்று கூடக் கிழிந்து நான் பார்த்ததில்லை, ஓரத்தில் மட்டும் லேசாக நீலம் தட்டியிருக்கும்.

“பசையில சொல்ப மயில்துத்தம் கலக்கணும் சார்,” என்றார். “எலி வாய் வைக்காது.”

“இதை முன்னாலேயே சொல்லியிருக்கலாமே?”

“நீங்களும் போட்டிருப்பீங்கன்னு நெனச்சேன் சார்.”

அதில் கேலி இல்லை. கேலி இருந்திருந்தால் நான் பாட்டுக்கு நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன்.

குளிர் ஏறியது. வாரக் கூட்டத்தில் ஹெல்த் ஆபீசர் ஒவ்வொரு வட்டத்திலும் எத்தனை எலி விழுந்தது என்று வாசிப்பார். என் வட்டம், எலி இல்லை. அவர் வட்டம், வாரா வாரம் எலிகள் கூடிக்கொண்டே போயின. முதல் இரண்டு கூட்டங்களில் நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் பக்கம் சுத்தம், அவர் பக்கம் நாற்றம், இதற்கு மேல் என்ன வேண்டும்? மூன்றாவது கூட்டத்தில் ஆபீசர் காகிதத்தைக் கீழே வைத்தார். என் வட்டத்தில் ஒரே தெருவில் ஆட்கள் அக்குளில் பிளேக் கழலையோடு படுத்திருந்தார்கள், எலிகள் விழுந்துகொண்டே இருந்த அவர் வட்டத்தில் காய்ச்சல் மிகக் குறைவு.

“எலி விழாமல் மனிதன் விழுவதில்லை,” என்றார் ஆபீசர் என்னைப் பார்த்து. “உங்கள் பக்கத்து ஜனங்கள் உங்களிடம் சொல்வதில்லை. அவரிடம் சொல்கிறார்கள்.”

அன்றைக்குப் பிடித்தது எனக்குப் பைத்தியம். செத்த எலி வேண்டும் என்று நாய் மாதிரி அலைந்தேன். வீடு வீடாகப் போய், சட்டப்படி சொல்லியாக வேண்டும், மறைத்தால் அபராதம் என்று விளக்கினேன். எல்லாரும் தலையாட்டினார்கள். எலியா, எங்கள் வீட்டிலா, பூனை கூட வராதே என்றார்கள். சந்துக்கு அந்தப் பக்கம் அவர் நடந்து போனால் பெண்கள் கதவோரம் வந்து நின்று ஏதோ சொல்வார்கள். நான் நடந்து போனால் கதவு சாத்துகிற சத்தம் எனக்கு முன்னால் போகும்.

அவர் என்னதான் வித்தை காட்டுகிறார் என்று பார்க்க ஒரு நாள் எதிர்ப்பக்கத்துப் பாக்குக் கடையில் போய் நின்றுகொண்டேன். ஒரு வீட்டில் எலி விழுந்து, கூலிகளோடு வந்திருந்தார். வாசலில் நின்று நோட்டீஸைக் கன்னடத்தில் வாசித்தார், பிறகு வீட்டுக்காரி தமிழச்சி என்று தெரிந்து தமிழில் மறுபடி வாசித்தார். அவள் சமையல் பாத்திரங்களையும் சாமி படத்தையும் எடுத்துக்கொண்டு வெளியே வரும் வரை உள்ளே கால் வைக்கவில்லை. ஓடுகளைப் பிரித்த கூலிகள் அவற்றை வரிசையாகச் சுவரோரம் அடுக்கினார்கள், எந்த வரிசை எங்கே போக வேண்டும் என்று சுண்ணாம்பால் கோடு கூடப் போட்டார்கள். குடும்பம் கொட்டகைக்குப் போனதும் வாசலில் ஒரு காவல்காரனை உட்கார வைத்தார். முந்தின பருவத்தில் என் கூலிகள் மேலே இருந்து ஓட்டை எறிவார்கள், பாதி உடையும், திரும்பி வருகிற குடும்பம் வானத்தைப் பார்த்துப் படுக்கும். அந்த வீட்டில் ஒரு ஓடு கூட உடையவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த நாளே ஆபீசரிடம் போய், எலி விழுந்த வீட்டை உடனே காலி செய்ய வேண்டும் என்று விதி இருக்க அவர் பாத்திரம் பண்டம் எடுக்க நேரம் கொடுத்துத் தாமதம் செய்கிறார் என்று புகார் சொன்னேன். “உங்கள் வட்டத்தில் தாமதமே கிடையாது,” என்றார் ஆபீசர். “எலியே இல்லையே.” பிறகு வெட்கத்தை விட்டு நானும் மயில்துத்தம் வாங்கினேன், சுண்ணாம்புக் கட்டி வாங்கினேன், கூலிகளைக் கூப்பிட்டு ஓட்டை எறிந்தால் தோலை உரித்துவிடுவேன் என்றேன். ஆனால் அடுக்கிக் காட்டுவதற்கு ஒரு வீடாவது வாய்க்க வேண்டுமே.

ஒரு காலையில் சந்து முனையில் நிற்கிறேன். என் வட்டத்துப் பெண் ஒருத்தி உடைந்த சட்டி ஒன்றைச் சாம்பல் போட்டு மூடி எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போகிறாள். நிறுத்தி, சட்டியில் என்ன என்று கேட்டேன். எலிதான். மண்ணெண்ணெய் நெடி அடித்தது. தெள்ளுப்பூச்சி சாகட்டும் என்று எலி மேல் மண்ணெண்ணெய் ஊற்றி, இடுக்கியால் எடுக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார் அவர்.

“எங்கே விழுந்தது?”

“அந்தப் பக்கம் விழுந்ததுங்க,” என்றாள் என் முகத்தைப் பார்க்காமல்.

“அந்தப் பக்கம் விழுந்த எலி இந்தப் பக்கத்திலிருந்து ஏன் போகிறது?”

அவள் சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் நடந்துவிட்டாள். அப்போதுதான் விளங்கியது. ஆபீசர் வாசித்த எலிகளில் பாதி என்னுடையவை. என் வட்டத்து எலிகள், என் வீடுகளில் செத்தவை, சந்தைத் தாண்டிப் போய் அவர் பெயரில் ஏறிக்கொண்டிருந்தன. என் வட்டத்து ஜனங்கள் அந்தப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் வீட்டில் விழுந்ததாகச் சொல்லிவிட்டு, குடும்பத்தோடு அவரிடமே கொட்டகைக்குச் சீட்டு வாங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். திருட்டுப் போனது போல நான் நடுச்சந்தில் நின்றேன். எலியைத் திருடிவிட்டார் என்று யாரிடம் போய்ச் சொல்ல முடியும்?

நாங்கள் குடியிருந்ததும் என் வட்டத்திலேயே, ஒரு தானிய மண்டிக்குப் பின்னால் வாடகை வீடு. நான், மனைவி, ஒரே பெண் குழந்தை. மறுவாரம் காலையில் சவரம் செய்துகொண்டிருக்கும்போது வாசலில் குரல் கேட்டது. அவர் நின்றிருந்தார். பின்னால் கூலிகள், பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர், கையில் நோட்டீஸ்.

“சார், உங்க வட்டத்துல நான் வரக்கூடாது. ஆபீசர்கிட்ட உத்தரவு வாங்கிட்டுத்தான் வந்தேன்,” என்று சொல்லிவிட்டு வாசிக்க ஆரம்பித்தார். இந்த வீட்டில் குடியிருப்பவராகிய எனக்கு, இந்த வீட்டில் எலி விழுந்திருப்பதால், இதனால் அறிவிப்பது என்று தொடங்கிக் கடைசி வரி வரை வாசித்தார். நான் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு தப்பு தேடினேன். சூரியன் உதித்தாகிவிட்டது. சாட்சிகள் இருவர் இருக்கிறார்கள். எழுத்தில் இருக்கிறது. மேலதிகாரியின் உத்தரவு இருக்கிறது. சட்டத்தாளில் முதல் ஆளான எனக்கு ஒரு ஓட்டை கூட அகப்படவில்லை.

உள்ளே போனேன். மனைவி துணிமணிகளை முன்னாலேயே மூட்டை கட்டி வைத்துவிட்டு, குழந்தைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். முந்தின நாள் மத்தியானம் அரிசிக் குதிருக்குப் பின்னால் எலி விழுந்திருக்கிறது. அவளே மண்ணெண்ணெய் ஊற்றி, சட்டியில் எடுத்துக்கொண்டு சந்தைத் தாண்டிப் போயிருக்கிறாள். என் பெண்டாட்டி இன்னொரு ஆணிடம் போய்ப் பேசினாள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. எலியை அவரிடம் கொடுத்தாளே என்றுதான் எரிந்தது.

“வீட்டுக்குள்ளே இன்ஸ்பெக்டரை வைத்துக்கொண்டு அந்த ஆளிடம் போவானேன்?” என்றேன்.

அவள் குழந்தையின் பொத்தானைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

“உங்ககிட்டச் சொல்லியிருந்தா எந்தப் பக்கத்து எலின்னு கேட்டிருப்பீங்க,” என்றாள். “அவுரு, கொழந்தைக்கு எத்தன வயசுன்னு கேட்டாருங்க.”

கொட்டகைக்குப் போனோம். குழந்தைக்கு ஊசி போட்டார்கள், இரண்டு நாள் கை வீங்கி அழுதாள். நாங்கள் போன பிறகு அந்த வீட்டுத் தரையைத் தோண்டியதில் குதிர் இருந்த இடத்துக்கு அடியில் இன்னும் எலிகள் கிடந்தனவாம். எங்களுக்கு முன்னால் இருந்த மண்டிக்காரரின் குடும்பம் தங்கள் வீட்டு எலியைச் சொல்லாமல் மறைத்துக்கொண்டு அங்கேயே இருந்தது. அவர்கள் வீட்டில் இரண்டு சாவு. என் பெண் பிழைத்தாள், வளர்ந்தாள், இப்போது அவளுக்கே பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பருவம் முடிந்ததும் தலைமை இன்ஸ்பெக்டர் பதவி அவருக்குப் போனது. போய் ஒரு வார்த்தை நன்றி சொல்லிவிட்டு வாருங்கள் என்று மனைவி பிடித்துத் தள்ளினாள். போனேன். புது நாற்காலியில் இருந்து எழுந்து நின்று என்னை வரவேற்றார். நன்றி என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது. வாயைத் திறந்தபோது வேறு ஒன்று வந்துவிட்டது.

“என் வீட்டில் விழுந்த எலி என் வட்டத்து எலி,” என்றேன். “உங்கள் கணக்கில் ஏறியிருக்கிறது.”

அவர் சிரிக்கவில்லை, முகம் சுளிக்கவும் இல்லை. “ஆமா சார், தப்புதான்,” என்று சொல்லி, எண்ணைத் திருத்தி ஆபீசருக்கு அனுப்பிவிட்டார். அந்தப் பருவம் முழுவதும் என் வட்டத்தில் விழுந்ததாக வீட்டார் சொல்லிப் பதிவான எலி அது ஒன்றுதான். அதையும் அவர்தான் கொடுத்தார்.